ஜெர்மன்காரனும் என் பத்து விரல்களும்

என் விரல்கள் என்னை முதன்முதலில் கைவிட்டது பெண் பார்க்கப் போன வீட்டில்தான்.

மலாய் நாட்டில், லாபிஸுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாரிமுத்துக் கங்காணியின் வீடு. விடியற்காலை மழையில் சைக்கிள் மிதித்து, தெப்பமாக நனைந்துபோய்ச் சேர்ந்தேன். கங்காணியின் மனைவி பித்தளை டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளறை வாசலில் அவர்கள் மகள் அஞ்சலை வந்து நின்றாள். டம்ளர் கையில் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. அடுத்த கணம் காப்பி முழுவதும் கங்காணியின் வெள்ளை வேட்டியில் இருந்தது.

அவர் துள்ளி எழுந்தார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பொண்ணப் பாத்ததும் மாப்பிள்ளைக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர்.

கங்காணியும் வேட்டியை உதறிக்கொண்டே சிரித்துவிட்டார். இப்படி மயங்குகிற பையன் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வான் என்று எல்லோருக்கும் பட்டது. அங்கேயே பேசி, தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவு செய்தார்கள்.

நான் மயங்கியது உண்மைதான். ஆனால் டம்ளர் விழுந்ததற்கு அது காரணமில்லை. என் வலதுகை விரல்கள் பாதிவரை சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்திருந்தன. கொதிக்கும் டம்ளரின் சூடுகூட அவற்றுக்கு உறைக்கவில்லை. கையை மடியில் மறைத்துக்கொண்டு நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இதை இத்தனை காலம் கழித்து எழுதக் காரணம் உண்டு. இப்போது காஹாங் பக்கம் காட்டை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுகிறார்கள். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகிற சங்கிலி ரம்பம் வந்துவிட்டது. அந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் காலையில் விரலை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, கைமேல படுத்துட்டேன்" என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்களுக்காகவும், அவர்களுக்குக் கழுத்தை நீட்டப் போகிற பெண்களுக்காகவும் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, மறைக்கத்தான் கூடாது.

ஊரில் அக்காளை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவன் நான். பேர் பச்சையப்பன். முதலில் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ரப்பர் விலை அடிபட்டு மெல்ல எழுந்துகொண்டிருந்த சமயத்தில், மரம் வெட்டும் கொங்சிக்கு மாறிவிட்டேன். கொங்சி என்றால் காட்டுக்குள் கொட்டகை போட்டுத் தங்கி வேலை செய்யும் கூட்டம். கோடாலிக்காரர்கள் மரத்தைச் சாய்ப்பார்கள். நாங்கள் அதை நீளம் பார்த்துத் துண்டு போடுவோம். அதுவரை கைரம்பம்தான்.

ஒருநாள் ரயிலில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியது. திறந்தால் உள்ளே ஒரு முனையில் பெட்ரோல் இயந்திரம், மறுமுனையில் கைப்பிடி, நடுவில் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை, அதைச் சுற்றிப் பல்வைத்த சங்கிலி. இரண்டு பேர் தூக்கினாலே மூச்சு வாங்கும். பெட்டியின்மேல் ஜெர்மனியில் செய்தது என்று இருந்ததால் அதற்கு 'ஜெர்மன்காரன்' என்று பேர் வைத்துவிட்டோம்.

இயந்திர முனைக்கு நான், கைப்பிடி முனைக்கு ஆ செங். ஆ செங் சீனன், என் வயதுக்காரன். நாங்கள் இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொள்வோம். புதுச் சாமானுக்குப் பூசை போடாமல் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நறுக்கினேன். ஆ செங் தன் பங்குக்கு ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்ரோல் தொட்டியின் மூடிக்குப் பக்கத்தில் செருகப் போனான். கொங்சி முழுவதும் எடுத்தது ஓட்டம். அவன் மட்டும் பத்தியைப் பிடித்துக்கொண்டு எங்களை ஆச்சரியமாகப் பார்த்தபடி நின்றான்.

ஜெர்மன்காரன் காலையில் லேசில் எழுந்திருக்க மாட்டான். கயிற்றைச் சுற்றி இழுத்து, தட்டிக்கொடுத்து, திட்டி, கடைசியில் ஆ செங் ஓர் உதை விட்டால் புகையைக் கக்கிக்கொண்டு எழுவான். எழுந்துவிட்டால் காடே அதிரும். குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிப் போய்விடும்.

முதல் வெட்டு ஒரு மெராந்திக் கட்டை. படுத்துக் கிடந்தபோதே என் நெஞ்சு உயரம் இருந்தது. கைரம்பத்தில் அரைநாளைத் தின்றுவிடும் கட்டை அது. சங்கிலி உள்ளே இறங்க இறங்க, சிவப்பு மரத்தூள் எங்கள் தலையிலும் தோளிலும் கொட்டியது. ஈரமரத்தின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தன. கட்டை 'மடார்' என்று பிளந்து விழுந்தபோது கோடாலிக்காரர்கள் கைதட்டினார்கள். நானும் ஆ செங்கும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கண்ணைத் தவிர மற்ற இடமெல்லாம் சிவப்பு. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்த நாள் அதற்கு முன் இல்லை.

மாலையில் ஜெர்மன்காரனை நிறுத்திவிடுவோம். எங்கள் கைகள்தான் நிற்காது. நான் சோற்றைப் பிசைந்தால் பருக்கைகள் விரலிலிருந்து உதிரும். ஆ செங் குச்சிகளால் எடுத்துச் சாப்பிடுகிறவன். அவை இரண்டும் கிண்ணத்தில் தாளம் போடும். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்போம். படுத்தாலும் உள்ளங்கைக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். பழகிவிட்டது.

அடுத்த மழைக்காலம் நெருங்கும்போது கை வேறு விதமாகப் பேச ஆரம்பித்தது. காலையில் ஓடையில் குளித்துவிட்டு வந்தால் விரல்கள் வெளுத்துப்போகும். சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்கத் தெரியாது. வெயில் ஏறினால் எரிச்சலோடு சிவந்து, பழையபடி ஆகிவிடும். ஆ செங் அப்போதெல்லாம் சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டே திரிவான். அது அவனுடைய நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

பெண் பார்த்துவிட்டு வந்து சில வாரங்களிருக்கும். ஒரு காலை, வேலை நடுவே ஏதோ கருகும் வாசனை வந்தது. யாரோ கருவாடு சுடுகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் என் சுண்டுவிரல் ஜெர்மன்காரனின் புகைக்குழாய்மேல் இருந்தது.

தோட்டத்து டிரஸ்ஸரிடம் (மருந்து கட்டி, சில்லறை நோய்களைக் கவனிப்பவர்) போனேன். அவர் புண்ணுக்குக் களிம்பு தடவினார். பிறகு என்ன நினைத்தாரோ, கண்ணை மூடச் சொன்னார்.

"குத்துறது தெரியுதா, பச்சையப்பா?"

"குத்துனீங்களா ஐயா?"

கண்ணைத் திறந்தேன். விரல் நுனியில் ஊசி நின்றுகொண்டிருந்தது. டிரஸ்ஸர் முகம் மாறிவிட்டது.

"ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க பாத்துச் சொல்வாங்க," என்றார். நான் வெளியே வரும்போது அவர் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பெருநோய் (தோலையும் நரம்பையும் தாக்கி உணர்ச்சியை அழிக்கும் தொழுநோய்) என்று சந்தேகப்படுகிறார். அந்தக் காலத்தில் அது உறுதியானால் வேலி போட்ட குடியிருப்பில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

எனக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் கங்காணி கொங்சிக்கு வந்தார். எப்போதும் தோளில் கை போட்டுப் பேசுகிறவர், அன்றைக்குத் தள்ளியே நின்றார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் என்ன சொல்றாருன்னு பாப்போம். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

"சரிங்க மாமா," என்றேன். அவர் போனபிறகு ஒரு கட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். வியாதியை நினைத்து அல்ல, அவர் நின்ற தூரத்தை நினைத்து. சாயங்காலம் கங்காணியின் மனைவி வழியில் பார்த்து என்னை நிறுத்தினார்.

"அழுவாதீங்க தம்பி. வேற எடம் பாக்கலாமான்னு அஞ்சலகிட்ட அவங்க அப்பா கேட்டாரு. வேட்டியில காப்பி ஊத்துன மாப்பிள்ளைதான் வேணும்னுட்டா எம்மவ."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். ஆ செங் கூப்பிடாமலேயே கூட வந்தான். அவன் வாங்கிக் கொடுத்த வாழைப்பழத்தை உரிக்காமல் மடியில் வைத்திருந்தேன். "தாப்பா லா, பச்சை," என்று சொல்லிக்கொண்டே வந்தான். பரவாயில்லை, பரவாயில்லை என்று.

ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் வெகுநேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். கல்யாணம் தள்ளிப்போனதைக் கேட்டுக்கொண்டே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"எந்த நேரமும் விறைச்சுக் கிடக்குதோ தம்பி, இல்லாட்டி இடைக்கிடையோ?"

"காலையில ஐயா. மழையில நனைஞ்சா, ஆத்துல இறங்கினா. வெயில் வந்துட்டா சரியாயிடும்."

அவர் நிமிர்ந்தார். "வெயில் வந்தாச் சரியாகுதோ? பெருநோய் வெயிலுக்குப் பயப்பிடாது தம்பி."

முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை உருட்டிப் பார்த்தார் (பெருநோயில் இது தடித்துப்போகுமாம்). காதுமடலில் சின்னதாகக் கீறி, கண்ணாடித் துண்டில் தடவி, கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்க உள்ளே அனுப்பினார். பிறகு ஆளைவிட்டுக் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொன்னார். பேசினில் ஐஸைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி என் கைகளை உள்ளே வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தன. டாக்டருக்கு ஒரே உற்சாகம்.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?"

சொன்னேன். அப்படி ஒரு ரம்பத்தை அவர் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கும் என்று கேட்டார். வாயால் சொல்லி முடிகிற காரியமா அது? நான் எழுந்து நின்று இயந்திர முனையைப் பிடித்தேன். ஆ செங் அறையின் மறுகோடிக்குப் போய் அவன் முனையைப் பிடித்தான். 'டுர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு தலையிலிருந்து கால்வரை உதறிக் காட்டினோம். மேசையில் இருந்த மருந்துப் புட்டிகள்கூட ஆடின. நடையில் இருந்த நோயாளிகள் எல்லோரும் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று சிரிப்பை நிறுத்தி ஆ செங்கைக் காட்டினார்.

"இவற்ற கையையும் ஐஸுக்குள்ள வையுங்கோ."

"அலமாக்!" என்று அலறினான் ஆ செங். அவன் விரல்களும் வெளுத்தன. என்னைவிட மோசமாக, உள்ளங்கைவரை. அப்போதுதான் அவனுடைய திறந்த சட்டையைப் பார்த்தேன். அது நாகரிகம் இல்லை. பொத்தான் போட முடியாமல்தான் இத்தனை நாள் அப்படித் திரிந்திருக்கிறான். "மாலு லா," என்று தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல வெட்கமாக இருந்ததாம். இரண்டு பேரும் ஒரே ரம்பத்தின் இரண்டு முனையில் நின்றுகொண்டு, ஒரே வியாதியை ஒருவருக்கொருவர் ஒளித்திருக்கிறோம்.

குளிர்நாடுகளில் காற்றழுத்தத்தில் அதிரும் சுத்தியலால் கல் உடைக்கிறவர்களுக்கு இப்படி வருவதை டாக்டர் படித்திருந்தாராம். இரத்தக் குழாய்ச் சுருக்கம் (குளிர் பட்டால் விரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இறுகிக்கொள்வது) என்றார்.

"ஓயாமல் அதிர்ந்து அதிர்ந்து விரல் நரம்புகளும் களைச்சுப் போச்சுது. ஓய்வு குடுத்தாக் கனக்கத் திரும்பி வரும். முழுக்க வரும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா இது ஒட்டுற வியாதி இல்லை. நீர் போய்க் கலியாணத்தைக் கட்டும்."

காதுமடல் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்தது. மழைக்காலம் முடியும்வரை ரம்பத்தைத் தொடக் கூடாது. கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். சுருட்டுப் பிடிப்பதை விட வேண்டும், புகையிலை இரத்தக் குழாய்களை இன்னும் இறுக்கும். கடைசியாக ஒன்று சொன்னார்: தினமும் கண்ணை மூடிக்கொண்டு சின்னச் சின்னச் சாமான்களைத் தடவி, இது இன்னதென்று சொல்லிப் பழக வேண்டும். விரலுக்குப் பாடம் மறந்துவிட்டது, மறுபடி படிக்க வைக்க வேண்டும் என்றார். ஊருக்குத் திரும்பும் ரயிலில் நானும் ஆ செங்கும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் தின்று தீர்த்தோம்.

கங்காணி டாக்டர் கொடுத்த சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் ஊர் வாயை நினைத்து அவருக்கு இன்னும் பயம் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலிக்கு முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவாள். என் அக்காள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால், அந்த இடத்தில் நிற்க வேறொரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். கங்காணி அதை மாற்றிவிட்டார்.

"மூணு முடிச்சும் மாப்பிள்ளையேதான் போடணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. வெரல் இருக்குன்னு ஊரே பாக்கட்டும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"முடியும் மாமா," என்றேன். பொத்தான் போடத் தெரியாத விரல்களை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். மஞ்சள் கயிறு எவ்வளவு மெல்லியது என்று அன்று முழுவதும் அதே நினைப்பு.

டாக்டர் சொன்ன பாடம் கங்காணி வீட்டு வாசலில் லீவு நாட்களில் நடந்தது. என் கண்ணைத் துண்டால் கட்டி உட்கார வைப்பார்கள். அஞ்சலை உள்ளேயிருந்து ஒரு முறத்தில் சாமான்களை வைத்து அனுப்புவாள். அவள் அம்மா ஒவ்வொன்றாக என் கையில் கொடுப்பார். விஷயம் தெரிந்து, தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துச் சனம் முழுவதும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

முதல் நாள் என் கையில் வந்ததை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "கொட்டைப்பாக்கு," என்றேன்.

"ரப்பர் கொட்டைங்க அது. வாயில போட்டு மென்னுடாதீங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அஞ்சலை என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். லயமே சிரித்தது. நானும் கட்டிய கண்ணோடு சிரித்தேன். அவள் குரல் இப்படி இருக்கும் என்று தெரிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

புளியங்கொட்டை, உப்புக்கல், மிளகு, நூல் கோத்த ஊசி. வாரம் போகப் போகப் பாதி சரியாக வந்தது. சொரசொரப்பு முதலில் திரும்பியது, பிறகு கூர்மை. சூடு மட்டும் தெரியவில்லை. பொறுமையில்லாமல் நான் கையை உதறினால், "எங்க ஓடப் போவுது வெரலு? நாளைக்குப் பாப்போம்," என்பாள் உள்ளே இருந்து.

மழை விடப்போகிற சமயத்தில் ஒருநாள், மெல்லிய வட்டமாக ஒன்று கையில் வந்தது. வழவழவென்று இருந்தது. விரலை அதைச் சுற்றி ஓட்டினேன். வட்டம் முழுவதும் வெதுவெதுப்பு.

"வளையல்," என்றேன். பிறகு வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இப்பத்தான் கையிலேருந்து கழட்டியிருக்கு."

பெண்கள் போட்ட கூச்சலில் கோழிகள் பறந்து ஓடின. கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து போய்விட்டார். உள்ளே கதவு படாரென்று சாத்திக்கொண்டது. எனக்குச் சூடு திரும்பிவிட்டது என்று நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

கல்யாணத்தன்று விடியற்காலையில், போன மழை திரும்பி வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் பந்தல் ஒழுகியது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி என்னைக் குளிப்பாட்டி, ஈரத் தலையோடு மணையில் உட்கார வைத்தார்கள். மாலைக்கு அடியில் கையைப் பார்த்தேன். விரல்கள் வெளுக்க ஆரம்பித்திருந்தன.

எதிரே சனக்கூட்டம். கங்காணி கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பூசாரி தேங்காய்மேல் தாலியை வைத்துச் சபைக்குச் சுற்றிவர அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்த ஆ செங் என் முகத்தைப் பார்த்தான், பிறகு கையைப் பார்த்தான். இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் அது உடனே புரியும். பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்ட புதுச்சட்டையோடு எழுந்து நின்று கத்தினான்.

"கோப்பி! கோப்பி பானாஸ்!"

சூடான காப்பி. மாமியார் ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் அடுப்படிக்கு ஓடி, அதே பித்தளை டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பூசாரி, "இதென்ன வழக்கம்?" என்று முறைத்தார். கங்காணி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இரண்டடி ஒதுங்கினார்.

இரண்டு கையாலும் டம்ளரைப் பொத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஆழத்தில் ஓர் எரிச்சல். பிறகு...

"சுடுது!" என்று கத்திவிட்டேன். "மாமா, சுடுது!"

வந்தவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள். கங்காணிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. மேளக்காரர் அதையே சாக்காக வைத்துக் கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டார்.

தாலியை எடுத்து அஞ்சலையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன். கயிற்றின் ஈர மஞ்சள் விரலில் ஒட்டியது. முறுக்கின் ஒவ்வொரு புரியும் தெரிந்தது. முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதுக்குக் கயிற்றை வளைக்கும்போது, குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க பாப்போம்."

மூடிக்கொண்டுதான் போட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஜெர்மன்காரனிடம் போனோம். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டு வாங்கிய கழிவு ரப்பர் தகடுகளை அஞ்சலை பட்டையாக நறுக்கித் தந்தாள். கைப்பிடி இரண்டையும் அதனால் தடிமனாகச் சுற்றினோம். அடிக்கடி ஆள் மாற்றிக்கொண்டோம். விரல் வெளுத்தால் அன்றைக்கு ரம்பம் இல்லை என்று ஆ செங் முதலாளியிடமே சொல்லிவிட்டான். இனி அவனுக்கும் எனக்கும் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முழுவதும் திரும்பவில்லை. டாக்டர் உண்மையைத்தான் சொன்னார். இன்னமும் என் நாள் விடிவதைக் கடிகாரம் சொல்வதில்லை, விரல்கள்தான் சொல்கின்றன. வெயில் ஏறி அவை சிவக்கும்போதுதான் எனக்குக் காலை. முன்பு கை என்பது வேலைக்கு என்று இருந்தது. இப்போது ஒரு பாக்கைத் தொட்டாலும், ஒரு கதவைத் தொட்டாலும், தெரிகிறதே என்று மனம் ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் அடங்குகிறது. வியாதி வராதவர்களுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

மழை பெய்கிற காலைகளில் அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ண மூடுங்க," என்பாள். கையில் எதையாவது வைத்து, "என்ன இது?" என்று கேட்பாள். பெரும்பாலும் எனக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னால் தெரிகிறவரைக்கும் என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.